மேலே இரண்டு, கீழே ஒன்று

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொண்டது. நானும் பாப்பாவும் சுகம். பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்?

உங்களைத் தீவில் கணக்கராக்கிவிட்டார்கள் என்று கம்பெனி ஆபீஸ் ஜன்னலில் காசு கொடுப்பவர் சொன்னார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டுப் பென்சில் கொடுப்பது இதுதான் முதல் தடவையாம். இனி உங்களைக் கையில் பிடிக்க முடியாது. சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் சேர்த்து எண்ணித் தின்றவர்தானே. கம்பெனிக்காரன் ஆள் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான்.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. அவர் பிடிக்கிற மீனை எண்ணுவது நம் வீட்டு ஆள் என்றால் ஒன்றுகூட வீணாகாது.

அவருக்கு எழுத்து தெரியாது, நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். இந்த ஒரு பருவம்தான் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்டோபர் கடைசி வரை மாசாமாசம் கைக்கு வருகிற கூலியோடு நான் சாக்குத் தைத்துச் சேர்த்ததையும் போட்டு, துறைமுகத்தில் விலைக்கு நிற்கிற அந்தச் சின்னப் படகை வாங்கிவிட வேண்டும். காலையில் கடலுக்குப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற மனுஷனாக அவர் எனக்கு வேண்டும். பணம் குறைந்தால் அடுத்த வருஷமும் தீவுதான். அதை என்னால் தாங்க முடியாது அண்ணா. பாப்பா இப்போதே சுவரில் மாட்டியிருக்கிற அவர் சட்டையைக் காட்டி அப்பா என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

*

பிப்ரவரி 28

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசி. இங்கே இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம். பாப்பாவைக் குளிரில் வெளியே விடாதே.

உன் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். மிட்டாய் விஷயத்தை மட்டும் தாண்டிவிட்டேன்.

என் வேலை என்னவென்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். ஒரு படகில் ஆறு பேர். மீன் எல்லாம் ஒரே குவியலாகத்தான் கரைக்கு வரும். அவரவர் பிடித்ததும் கத்தியால் வாலில் தன் குறியை வெட்டிவிடுவார்கள். உப்புக் கொட்டகை வாசலில் நான் உட்கார்ந்து வாலைப் பார்த்துக் குறி குறியாக எழுத வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் ஆளுக்குப் பெயர் கிடையாது, குறிதான். ஜன்னலில் நீட்டிக் காசு வாங்க உனக்குக் கொடுத்திருக்கிறார்களே ஒரு மரச்சில்லு, அதில் செதுக்கியிருப்பதும் அதுதான். எனக்கு முன்னால் இருந்தவர் வெளியாள், எது யார் குறி என்றே அவருக்குத் தெரியாது. எனக்கு எல்லோர் குறியும் தெரியும்.

மாப்பிள்ளைக்கு மேல் வாலில் இரண்டு வெட்டு, கீழ் வாலில் ஒன்று. எதற்கய்யா மூன்று, கத்தி தேய்ந்துவிடாதா என்று கேட்டேன். "மேல ரெண்டு நானும் அவளும். கீழ ஒண்ணு பாப்பா. கணக்கு மச்சான் இதைக்கூடக் கேட்டுத்தான் எழுதுவாரா?" என்றார். கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் கணக்கு மச்சான்தான். ஒருவன்கூட ஐயா என்று கூப்பிடுவதில்லை.

ஒரு துக்கச் செய்தி. மாப்பிள்ளை படகில் இருந்த நெட்டையன், உன் தெருமுனை வீட்டுக்காரன், பாறையில் வழுக்கி விழுந்து போய்விட்டான். அவன் மனைவிக்கு ஆபீஸில் சொல்லியிருப்பார்கள். கூலியைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் படுத்துவிட்டாலோ போய்விட்டாலோ, படகில் மற்றவர்கள் தாங்கள் பிடித்ததில் ஆளுக்குக் கொஞ்சம் அவன் குறியை வெட்டிவிடுவார்கள். பருவம் முடிகிறவரை அவன் வீட்டுக்குக் கூலி போய்க்கொண்டிருக்கும். கம்பெனிக்கு இது தெரியாது. நானும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
அண்ணன்

*

மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் கண்ணுக்கு மட்டும்.

நேற்று ஆபீஸ் ஜன்னலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நெட்டையன் மனைவி. சில்லை நீட்டினாள், காசு கொடுத்தார்கள். அப்புறம் நான் நீட்டினேன். எனக்கு வந்தது அவளுக்கு வந்ததை விடக் குறைவு அண்ணா. உயிரோடு இருக்கிறவர் பெண்டாட்டிக்குக் குறைவு. வயிறு எரிந்தது. உங்கள் மாப்பிள்ளையைப் பற்றித்தான் தெரியுமே. மற்றவர்கள் ஒன்று வெட்டினால் இவர் மூன்று வெட்டியிருப்பார். ஊருக்கு நல்லவர்.

செத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாசம் கொடுக்கட்டும். அக்டோபர் வரைக்குமா? அவளுக்குப் பிள்ளை இல்லை, குட்டி இல்லை, துணி வெளுக்கிற வேலை கையில் இருக்கிறது. எங்கள் படகுக்குத் துறைமுகத்தில் வேறு ஆட்கள் வந்து விலை கேட்கிறார்கள். இப்படி ஆற்றில் கொட்டினால் அவர் அடுத்த வருஷமும் அந்தப் பாறைக்குத்தான் வருவார்.

எல்லோர் குறியும் உங்களுக்குத் தெரியும் என்று எழுதினீர்கள். அப்படியானால் கண்ணைத் திறந்தால் போதும். யாரும் உங்களைத் தப்பு சொல்ல முடியாது, நடந்ததைத்தானே எழுதப் போகிறீர்கள். கூடப் பிறந்தவளுக்காக இதைச் செய்யுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

*

ஏப்ரல் 25

அன்புத் தங்கைக்கு ஆசி. நலம், நலம் அறிய ஆவல்.

நீ எழுதியதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. மேனேஜரிடம் எடுத்துச் சொன்னேன். இத்தனை வருஷமாக இப்படி ஒன்று நடக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். கொட்டகைச் சுவரில் இப்போது பலகை மாட்டியாகிவிட்டது. படகில் இல்லாதவன் குறி கணக்கில் ஏறாது, அந்த மீன் கம்பெனிக் குவியலுக்குப் போகும். எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. இத்தனை வருஷம் பதினைந்து பேரோடு ஈரக் கம்பளியில் படுத்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குப் புரியும்.

ஆட்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகப் போகச் சரியாகிவிடும். மாப்பிள்ளை மட்டும் வந்து, "நெட்டையன் என்ன உங்க தலையிலயா உட்கார்ந்திருந்தான்?" என்று கேட்டார். அப்புறம் வரவில்லை. உன் பெயரை நான் இழுக்கவில்லை.

உன் பணம் இனிக் குறையாது.

அன்புடன்
அண்ணன்

*

மே 18

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? புது அறையில் அடுப்பை மூட்டிக்கொண்டு கதவை அடைத்துவிடாதீர்கள், புகை ஆகாது.

இந்தத் தடவை பணம் பரவாயில்லை. படகுக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், இறங்க மாட்டேன் என்று அடம்.

நெட்டையன் மனைவி வந்திருந்தாள். ஜன்னலில் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். உங்க அண்ணன்தானே அங்க எழுதுறார், என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுவியா என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். நான் கதவைத் திறக்கவில்லை.

அவரிடமிருந்து இந்தத் தடவை எனக்கு ஒரு வார்த்தையும் இல்லையே? கோபம் உங்கள் மேல்தானே, என் மேல் இல்லையே? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

ஜூன் 29

தங்கைக்கு. எல்லோரும் நலம்.

கப்பல் பிந்திவிட்டது, அதனால்தான் பதில் தாமதம். காற்று ஓயவே இல்லை. புது உப்பு வந்திருக்கிறது, கல்லும் மண்ணுமாக, சல்லடை போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. என் இருமல் தேவலை.

மாப்பிள்ளைக்கு உள்ளங்கையில் தூண்டில் முள் கீறிவிட்டது. சின்னக் காயம்தான், நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. படகுக்குப் போய் வருகிறார்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அண்ணன்

*

ஜூலை 14

அன்புள்ள அண்ணனுக்கு. சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

சின்னக் காயம் என்றால் அதை ஏன் எழுத வேண்டும்? எத்தனை தடவை முள் குத்தியிருக்கிறது, அவர் எனக்குச் சொன்னதே இல்லையே. உங்கள் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. உப்பைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள்.

இன்று ஜன்னலில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். படகுக்குப் போய் வருகிறவருக்கு ஏன் மீன் இல்லை? வலது கையா இடது கையா, அதையாவது எழுதுங்கள்.

அவரைப் படுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். படகுக்காரர்கள் நெட்டையனுக்குச் செய்த மாதிரி இவருக்கும் செய்வார்கள், இவர் அத்தனை பேருக்கும் செய்தவர்தானே. பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன, வாலைப் பார்ப்பது நீங்கள்தானே? இவருக்கு மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அண்ணா. உங்கள் காலில் விழுகிறேன். சின்னப் படகு போனால் போகிறது, அவர் வந்தால் போதும்.

உங்கள் தங்கை

*

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கைக்கு.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. ஜூலை 26 காலையில் மாப்பிள்ளை படகிலேயே காலமாகிவிட்டார். கையில் ஏற்பட்ட காயத்தால் காய்ச்சல் வந்து, அது உடம்பில் பரவிவிட்டது. இங்கே வைத்தியர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். செய்ய வேண்டியதை எல்லாம் குறைவில்லாமல் செய்தோம். மேட்டில் நல்ல இடமாகப் பார்த்து அடக்கம் செய்திருக்கிறோம். மேனேஜரே நேரில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

ஜூலை 26 வரைக்கும் அவர் குறிக்குச் சேர வேண்டியது ஆபீஸில் உனக்குக் கிடைக்கும். அவர் பெட்டியும் கம்பளிச் சட்டையும் இந்தக் கப்பலில் வருகின்றன. கத்தி படகுக்காரர்களிடம் இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன்.

உன் ஜூலைக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பாப்பாவுக்காக நீ சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 30

தங்கச்சிக்கு, உங்க வீட்டுக்காரர் போன படகோட தலைவர் சொல்லச் சொல்லக் கப்பல் சமையல்காரர் எழுதுறது. குழந்தையும் நீங்களும் எப்படி இருக்கீங்களோன்னு படகுல எல்லாரும் பேசிக்கிறோம்.

கணக்கர் உங்களுக்கு எழுதியிருப்பார். அவர் எழுதாததை நான் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கிட்டு என்னால தூங்க முடியலை.

முள்ளு வலது கையில ஏறுச்சு. பிடுங்கிட்டோம், ஆனா முழங்கை வரைக்கும் வீங்கிப்போச்சு. படுக்கையில போட்டுட்டு, வழக்கப்படி ஆளுக்குக் கொஞ்சம் அவர் குறியை வெட்டினோம். கணக்கர் ஒண்ணொண்ணா எடுத்து, படகுல இல்லாதவன் குறின்னு கம்பெனிக் குவியல்ல போட்டார். உங்க தங்கச்சி புருஷன்யான்னேன். நெட்டையனுக்கு ஒரு சட்டம் உன் வீட்டுக்கு ஒரு சட்டமான்னு மேனேஜர் கேட்பாருன்னார்.

உங்க வீட்டுக்காரரே எழுந்து போய்க் கேட்டார். "படகுல உட்கார்ந்துட்டு வந்தாப் போதும் மாப்பிள்ளை, நான் எழுதிக்கிறேன்"ன்னார் கணக்கர். கெட்ட எண்ணத்துல சொல்லலை, அதையும் சொல்லிடறேன். அன்னையிலருந்து நாங்க அவரைத் தூக்கித்தான் படகுல உட்கார வைப்போம். நாங்க பிடிச்சு நீட்டுவோம், அவர் இடது கையால குறி வெட்டுவார். உட்கார்ந்த இடத்துல கூலி வாங்குற முதலாளி நான்தாண்டான்னு சிரிப்பார். வேண்டாம்யா, படுத்துக்கன்னு சொன்னா, அங்க ஒருத்தி படகுக்கு முன்பணம் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கான்னார். மழையில நனைஞ்சார், அலையில நனைஞ்சார். ஒருநாள் காலையில மீனை நீட்டினேன், கை வரலை.

கணக்கருக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்துச்சோ தெரியலை. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தார்.

இப்ப நாங்க ஒவ்வொரு நாளும் அவர் கத்தியாலயே அவர் குறியை வெட்டித்தான் கரைக்குக் கொண்டு போறோம். கணக்குல ஏறாது, எங்க கூலியும் போகுது, உங்களுக்கும் ஒண்ணும் வராது. தெரிஞ்சேதான் வெட்டுறோம். எங்களுக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியலை. நெட்டையன் குறியும் சேர்த்து வெட்டுறோம். அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

*

செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு. நீயும் பாப்பாவும் நலம்தானா?

இரண்டு கப்பல் வந்துவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படகுத் தலைவர் உனக்கு எதையோ எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும், நான் நீ சொன்னதைத்தான் செய்தேன். மார்ச் மாதம் நீ எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு தடவை சொல்லிவிட்டு மேனேஜரிடம் போய் மாற்றிப் பேச முடியுமா? அதற்கும் நான் ஒரு வழி பார்த்துக் கொடுத்தேன். உட்கார்ந்தாவது இருக்கட்டும் என்றுதானே சொன்னேன்?

இப்போது உன்னிடம் ஓர் உதவி. அவர்கள் இன்னும் வெட்டுகிறார்கள். சாயங்காலம் ஆனால் குவியலில் இருந்து அந்த வால்தான் முதலில் என் கைக்கு வருகிறது, வேண்டுமென்றே மேலாக வைக்கிறார்கள். நான் எடுத்துக் கம்பெனிப் பக்கம் போடுகிறவரை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேனேஜருக்கு இதில் லாபம்தான், சிரிக்கிறார். எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. அறையில் தூக்கம் வருவதில்லை.

அந்தக் கத்தி உனக்குச் சேர வேண்டியது, உன் உரிமை. அதை அனுப்பிவிடும்படி படகுத் தலைவருக்கு ஒரு வரி எழுது. நான் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், நீ கேட்டால் கொடுப்பார்கள். கத்தி போனால் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் கூலியும் மிச்சமாகும், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதே.

உன் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கும் நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

அன்புடன்
அண்ணன்

*

அக்டோபர் 4

அண்ணனுக்கு.

நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நலம் என்று எழுதுவீர்கள்.

என் கடிதம் உங்களிடம் இருப்பதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள். நான் எழுதவில்லை என்று எப்போது சொன்னேன்? நான்தான் எழுதினேன். தாலி அறுந்தவள் கையில் விழுந்த காசை வரிசையில் நின்று எண்ணியவள் நான்தான். நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு, இவளுக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று அடுப்பில் போட்டிருக்கலாம். அண்ணன் என்று ஒருவர் இருப்பது அதற்குத்தான். நீங்கள் அதைக் கொடுத்து ஜன்னல் வைத்த அறை வாங்கிக்கொண்டீர்கள்.

நெட்டையன் மனைவியிடம் போனேன். படகுக்காரர்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அவர்கள் சொல்லாததையும் சொன்னேன். வாளியில் கையை விட்டபடியே கேட்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சொல்லிட்ட இல்ல, போ" என்றாள். அவ்வளவுதான். தினமும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போகிறாள். நான் பார்க்கிறேன். அது எனக்கு விழுந்த தண்டனை.

சின்னப் படகை விற்றுவிட்டார்கள். முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டையை ஆணியில் மாட்டவில்லை. பாப்பா மறுபடியும் அதை அப்பா என்று கூப்பிடுவாள்.

கத்தி என் உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானே சொல்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும். படகுத் தலைவருக்கும் அப்படித்தான் இந்தக் கப்பலிலேயே எழுதியிருக்கிறேன். வெட்டுவதும் நிறுத்துவதும் அவர்கள் இஷ்டம், என் பொருட்டு நிறுத்த வேண்டாம் என்று.

பருவம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. எல்லோர் குறியும் எனக்குத் தெரியும் என்று பெருமையாக எழுதினீர்களே. மேலே இரண்டு யார் யார், கீழே ஒன்று யார் என்று தெரிந்த கணக்கர் அந்தக் கம்பெனியிலேயே நீங்கள் ஒருவர்தான். தினமும் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கம்பெனிப் பக்கம் போடுங்கள்.

இந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
அவர் மனைவி